அச்சுக்குத்து முதல் பி.சி.ஜி. வரை: காப்பில்லாத பச்சிளங்குழந்தைகளும் உயிர்த் தடுப்பூசியும்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே இருக்கிற தனுவச்சபுரத்தில் வயதானவர்களிடம் போய்த் 'தடுப்பூசி' என்றால் கொஞ்சம் யோசிப்பார்கள். 'அச்சுக்குத்து' என்று சொல்லிப் பாருங்கள், உடனே சட்டைக் கையை ஏற்றிப் புஜத்தில் வட்டமான பெரிய தழும்பைக் காட்டுவார்கள். மலையாளச் சொல்தான், எல்லைத் தமிழரும் அதையே வழங்குகிறோம். இன்று பிறக்கும் பிள்ளைக்கு அந்தத் தழும்பு கிடையாது. அதற்குப் பதில் இடது தோளில் சின்னதாக ஒரு பி.சி.ஜி. வடு. இந்த இரண்டு வடுக்களுக்கும் இடையிலுள்ள கதையில் ஒரு பகுதியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மலர்க்குழுவினர் இம்முறையும் என்னிடம் சிதறால் மலையைப் பற்றித்தான் எதிர்பார்த்திருப்பார்கள். திருச்சாரணத்து மலையும் அதன் தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பங்களும் எங்கேயும் போய்விடாது; அடுத்த மலருக்கு ஆகட்டும். கடைக்கு வருகிற குடும்பத்தார் சில ஆண்டுகளாக என்னிடம் ஒரு கேள்வி கேட்கிறார்கள்: "பிறந்த அன்னைக்கே ஊசியும் போட்டு, வாயில சொட்டும் விடுறாங்களே, எல்லாப் பிள்ளைக்கும் ஒத்துக்குமா?" ஏறக்குறைய எல்லாப் பிள்ளைக்கும் ஒத்துக்கொள்ளும். மிகச் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அந்தச் சிலர் யார் என்று கண்டுகொள்ள மருத்துவ உலகம் நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் தடவித் தடவி நடந்திருக்கிறது.

உயிர்த் தடுப்பூசி என்பது கிருமியைக் கொன்று கொடுப்பதன்று. கிருமியின் வீரியத்தைக் குறைத்து உயிரோடு கொடுப்பது. உடம்பு அதனோடு ஒரு சின்னச் சண்டை போட்டுப் பழகிக்கொள்ளும். பி.சி.ஜி., வாய்வழிப் போலியோ சொட்டு, ரோட்டா சொட்டு, தட்டம்மை ஊசி எல்லாம் இந்த வகை. பிறந்தவுடன் போடுகிற மஞ்சள் காமாலை ஊசியில் உயிர்க்கிருமி கிடையாது, அது வேறு இனம். சண்டை போட ஆள் இருக்கிற உடம்பில் உயிர்க்கிருமி தோற்று அடங்கும். ஆளே இல்லாத உடம்பில் வலுவிழந்த கிருமியும் ராஜாவாகிவிடும். சிக்கல் முழுவதும் இவ்வளவுதான்.

இந்தியாவில் முதன்முதல் அம்மைப்பால் குத்தப்பட்டது 1802 ஜூன் 14 அன்று, பம்பாயில், அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுச் சிறுமிக்கு. அவள் கையில் எழுந்த கொப்புளத்து நீரிலிருந்து அடுத்த பிள்ளைகளுக்கு, அவர்கள் கையிலிருந்து அடுத்தவர்களுக்கு என்று கைமாறிக் கைமாறி அது மற்ற ஊர்களுக்கும் போயிற்று. பனிப்பெட்டி இல்லாத காலம். பிள்ளைகளின் கைகளே பாத்திரம். திருவிதாங்கூரில் ராணி கௌரி லட்சுமி பாயி 1813-இல் அம்மை குத்துதலைத் தொடங்கிவைத்தார். அரச குடும்பத்தார் தாங்களே குத்திக்கொண்டு குடிமக்களின் பயத்தைப் போக்கினார்கள் என்பர். சுவாதித் திருநாள் பிறந்ததும் அதே 1813-இல்தான் என்பதை நினைத்துக்கொண்டால் ஆண்டு மறக்காது. பிறகு 1879-இல் அரசு ஊழியர், மாணவர், சிறைவாசிகள் ஆகியோருக்கு அது கட்டாயம் என்று அரச விளம்பரம் வந்தது.

கையிலிருந்து கைக்கு மாற்றுவதில் ஒரு பிள்ளையின் மேகநோய் இன்னொரு பிள்ளைக்குப் போகிற அபாயம் இருந்தது. அதனால் கன்றுக்குட்டியின் அடிவயிற்றைச் சிரைத்துக் கீறி, அதில் அம்மைப்பாலை விளைவித்துச் சுரண்டி எடுக்கும் முறை வந்தது. சென்னை கிண்டியில் 1899-இல் தோன்றிய கிங் நிலையம் முதலில் இந்த வேலைக்கு ஏற்பட்டதுதான். என்னைப் போன்ற சமணனுக்கு இதை எழுதக் கை கொஞ்சம் தயங்கும். என் பாட்டனார் காலத்தில் எங்கள் வீடுகளில் இதைப் பற்றிப் பெரிய பேச்சு நடந்ததாகக் கேட்டிருக்கிறேன். பேச்சு நடந்ததே ஒழிய, பிள்ளைகள் எல்லாருக்கும் குத்திக்கொண்டார்கள். பெரியம்மை கண்ட முகத்தை ஒருதரம் பார்த்தவர்களுக்கு அதற்குமேல் வாதம் எழாது.

நலிந்த குழந்தையைப் பற்றி அந்தக் காலத்தார் என்ன நினைத்தார்கள்? நான் பழைய சட்டப் புத்தகங்களைப் புரட்டுகிறவன். பிரிட்டிஷ் இந்தியாவின் 1880-ஆம் ஆண்டு அம்மைகுத்தும் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. குத்த வருகிறவர் பிள்ளையைப் பார்த்து, அப்போது குத்திக்கொள்ளும் நிலையில் அது இல்லை என்று கண்டால், அப்படியே ஒரு சான்று எழுதிப் பெற்றோர் கையில் கொடுக்க வேண்டும். அந்தப் பருவம் முழுவதுமோ அதில் ஒரு பகுதியோ தள்ளிப்போடலாம். எதிர்ப்பாற்றல் என்ற சொல்லே புழங்காத நாளில், குத்துவதைக் கட்டாயமாக்கிய அதே சட்டம், முதலில் பிள்ளையைப் பார் என்றும் சொல்லியது. கட்டாயத்தை எதிர்த்தவர்களும் ஆதரித்தவர்களும் அதிகம் பேசாத பிரிவு இது. என் கணக்கில் அந்தச் சட்டத்தின் மிக நல்ல பிரிவு இதுதான்.

நம் வட்டாரத்துக்கே உரிய ஒரு பெருமையையும் இங்கே சொல்லிவிடுகிறேன், பல பேருக்குத் தெரியாது. திருவிதாங்கூர் அரசு 1920-களின் இறுதியில் அமெரிக்க ராக்பெல்லர் நிறுவனத்தின் துணையோடு பொதுச் சுகாதாரப் பணியைச் சீரமைத்தது. முதலில் கொக்கிப்புழு ஆய்வு. அதன்பின் 1930-களில் நெய்யாற்றின்கரையில் ஒரு மாதிரிச் சுகாதார நிலையம். பூந்தமல்லி, சிங்கூர், நஜப்கர் என்று இந்தியாவில் அப்படி ஏற்பட்ட சில நிலையங்களோடு சேர்த்து எண்ணப்படுவது இது. அதன் அடிப்படை எண்ணம் எளியது: ஒரு சிறு பரப்பை எடுத்துக்கொள், பிறப்பு இறப்பைச் சரியாகப் பதி, மருத்துவச்சியும் சுகாதாரச் செவிலியும் வீட்டுக்கு வீடு போகட்டும், அச்சுக்குத்தும் அந்தக் கையாலேயே நடக்கட்டும். வீட்டுக்குப் போகிற செவிலிக்கு அந்த வீட்டில் போன வருஷம் இறந்த பிள்ளையும் தெரியும். இன்றைய பெரிய மருத்துவமனையில் ஆயிரம் வசதி உண்டு, இந்த ஒன்று இல்லை.

அம்மைப்பால் சிலருக்கு ஆகாது என்பது மெல்ல மெல்லத் தெரிந்தது. கரப்பான் படை உள்ள குழந்தைக்கு அது உடம்பெங்கும் பரவியது. இன்னும் சிலருக்குக் குத்திய இடத்துப் புண் ஆறாமல் நாளுக்கு நாள் அகன்று, கடைசியில் உயிரையே கொண்டுபோயிற்று. இதற்கு மாற்றாகச் சமீபத்தில் அம்மை குத்திக்கொண்டவர்களின் ரத்தத்திலிருந்து காமா குளோபுலின் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார் ஹென்றி கெம்ப் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர். பெரியம்மை நோயாளியோடு பழகியவர்களை அதனால் காக்க முடியுமா என்று அவர் ஆராய்ந்த இடம் நம் சென்னை. தொற்றுநோய் மருத்துவமனையில் செய்த அந்த வேலை 1961-இல் வெளிவந்தது. அதே கெம்ப்தான் 1965-இல், பெரியம்மை இல்லாத அமெரிக்காவில் குழந்தைகளுக்கு வழக்கமாக அம்மை குத்துவதை நிறுத்த வேண்டும் என்று எழுந்து சொன்னவர். சென்னையில் பெரியம்மையின் கொடுமையையும், தன் நாட்டில் ஊசியின் அரிய கொடுமையையும் இரண்டையும் கண்ணால் கண்டவர் சொன்னதால் அதற்கு எடை இருந்தது. நோய் இருக்கிற ஊருக்கு ஒரு கணக்கு, இல்லாத ஊருக்கு ஒரு கணக்கு.

இனி பி.சி.ஜி. பிரான்சில் கால்மெட், கெரேன் என்ற இருவர் மாட்டுக் காசநோய்க் கிருமியை 1908 முதல் 13 ஆண்டுகள் திரும்பத் திரும்ப வளர்த்து, 230 முறைக்கு மேல் மாற்றி மாற்றி, வீரியத்தை இறக்கினார்கள். 1921-இல் பாரிசில் முதல் குழந்தைக்கு அது வாய்வழியாகக் கொடுக்கப்பட்டது. பெற்ற தாய் காசநோயால் போய்விட்டாள். வளர்க்கவிருந்த பாட்டிக்கும் காசம். அந்தப் பிள்ளை பிழைத்தது.

1930-இல் ஜெர்மனியின் லூபெக் நகரில் 251 பச்சிளங்குழந்தைகளுக்குக் கொடுத்ததில் 72 குழந்தைகள் இறந்தன. விசாரித்ததில், ஆய்வுக்கூடத்தில் பி.சி.ஜி.யோடு உண்மையான காசநோய்க் கிருமி கலந்துவிட்டிருந்தது தெரிந்தது. இதை வாசகர்கள் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். லூபெக்கில் தவறு மருந்தில். பிள்ளைகளிடத்தில் குறை ஒன்றும் இல்லை. நான் பேச வந்தது மருந்து சரியாக இருந்தும் பிள்ளையின் உடம்பு தாங்காத நிலை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியே தடுப்பூசிச் சண்டைகளில் பாதி நடக்கிறது.

நம் நாட்டில் 1948-இல் மதனப்பள்ளியில் பி.சி.ஜி. தொடங்கியது, அதே ஆண்டு கிண்டியில் பி.சி.ஜி. ஆய்வுக்கூடமும் ஏற்பட்டது. 1955-இல் ராஜாஜி இதை எதிர்த்துப் பெரிய பிரசாரமே நடத்தினார். நான் ஏன் எதிர்க்கிறேன் என்று தனிப் பிரசுரமும் போட்டார். மத்திய சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கௌர் அதற்குப் பதில் சொல்லவேண்டி வந்தது. ராஜாஜியிடம் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனாலும் ஊரோடு ஊசி வேண்டாம் என்ற பக்கமும், ஊரோடு எல்லாருக்கும் போடு என்ற பக்கமும் மோதிக்கொண்ட இரைச்சலில், இன்ன பிள்ளைக்குப் பொறுத்துப் போடு என்கிற 1880-ஆம் ஆண்டின் சின்னக் குரல் அமுங்கிப்போயிற்று என்றே நினைக்கிறேன். 1968-இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பெரிய ஆய்வு, வளர்ந்தவர்களின் நுரையீரல் காசத்தைப் பி.சி.ஜி. தடுக்கவில்லை என்று காட்டியது. உடனே ராஜாஜி வென்றார் என்று சொன்னவர்களும் உண்டு. சின்னக் குழந்தைகளுக்கு வருகிற மூளைக்காய்ச்சல் காசத்தையும் உடம்பெங்கும் பரவும் காசத்தையும் அது தடுக்கிறது என்பதற்கு வேறு ஆய்வுகளில் நல்ல சான்று உண்டு. ஆண்டுக்கு 25 லட்சத்துக்கும் மேல் புதிய காசநோயாளிகள் தோன்றும் நாட்டில் அதனால்தான் பிறந்தவுடன் போடுகிறார்கள்.

அந்தக் காலத்திலேதான் மேனாட்டில் இன்னொரு கண்டுபிடிப்பு நடந்துகொண்டிருந்தது. 1950-இல் சுவிட்சர்லாந்தில் கிளான்ஸ்மன், ரினிக்கர் என்ற இருவர், ரத்தத்தில் நிணவணுக்கள் மிகக் குறைந்து, வாயில் வெண்படலம் நீங்காமல், மெலிந்து மெலிந்து இறந்த குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். 1952-இல் அமெரிக்காவில் புரூட்டன் என்ற மருத்துவர் காமா குளோபுலினே இல்லாத ஒரு சிறுவனைக் கண்டார். இப்படித்தான் பிறவியிலேயே எதிர்ப்பாற்றல் இல்லாத நிலை ஒரு நோயென்று தெரிந்தது. அதில் மிகக் கடுமையானதை மருத்துவர்கள் 'ஸ்கிட்' என்று சுருக்கிச் சொல்கிறார்கள்; கடும் கூட்டு எதிர்ப்பாற்றல் குறைபாடு என்று நாம் சொல்லலாம்.

இந்த நோயின் சூது என்னவென்றால், பிறக்கும்போது பிள்ளை கொழுகொழுவென்று இருக்கும். தாயிடமிருந்து வந்த காப்புப் பொருள் சில மாதம் தாங்கும். மூன்றாம் மாதம், ஐந்தாம் மாதம் போலத்தான் விடாத பேதி, திரும்பத் திரும்ப நெஞ்சுச்சளி, எடை ஏறாமை எல்லாம் தலைகாட்டும். ஊசியோ முதல் நாளே உள்ளே போய்விட்டது. 2014-இல் 17 நாடுகளிலிருந்து பி.சி.ஜி. போட்ட 349 ஸ்கிட் குழந்தைகளின் விவரத்தைத் திரட்டிப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு அதனாலேயே கேடு வந்திருந்தது, மூன்றில் ஒருவருக்கு உடம்பு முழுதும் பரவியிருந்தது. முதல் மாதத்துக்குள் போட்டவர்களுக்குக் கேடு இன்னும் அதிகம். இங்கிலாந்தில் பி.சி.ஜி. தேவைப்படும் குழந்தைகளுக்கும் 2021 செப்டம்பர் முதல் 28 நாள் கழித்தே போடுகிறார்கள். குதிகால் ரத்தத்துளியில் ஸ்கிட் உண்டா என்று முதலில் பார்த்துவிட இது இடம் தருகிறது. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலம் 2008-இல் தொடங்கிய அந்தச் சோதனை 2018-க்குள் எல்லா மாநிலத்துக்கும் பரவிவிட்டது. அங்கே 58,000 பிறப்புக்கு ஒன்று என்று கணக்கு வந்தது. நம் நாட்டில் அப்படி நாடு தழுவிய திட்டம் இதுவரை இல்லை.

பிறவிக் குறை மட்டுமல்ல. எச்.ஐ.வி. 1986-இல் இந்தியாவில் முதன்முதல் சென்னையில்தான் கண்டறியப்பட்டது. அந்தத் தொற்று உறுதியான குழந்தைக்குப் பி.சி.ஜி. கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் சொல்லிற்று. 2018-இல், மருந்து தொடங்கி எதிர்ப்பாற்றல் நிலைப்பட்ட பின் போடலாம் என்று திருத்தியது. இன்னொன்று இந்தக் காலத்துப் புதுக் கவலை. மூட்டுவாதத்துக்கும் குடல் அழற்சிக்கும் எடுக்கிற இன்ஃபிளிக்சிமாப் போன்ற ஊசிகள் கர்ப்பத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்குப் போய் மாதக்கணக்கில் தங்கும். அப்படிப்பட்ட தாயின் குழந்தை ஒன்று பி.சி.ஜி. பரவி இறந்ததாக 2010-இல் இங்கிலாந்திலிருந்து செய்தி வந்தது. இந்த மருந்து எடுத்த தாய்மார் பிள்ளைக்கு ஆறு மாதமாவது உயிர்த் தடுப்பூசியைத் தள்ளிப்போடச் சொல்கிறார்கள். எடை குறைந்து பிறந்த பிள்ளையை இதில் சேர்த்துவிடக் கூடாது. மெலிந்த பிள்ளை வேறு, காப்பில்லாத பிள்ளை வேறு. உடல்நிலை சீராக உள்ள எடை குறைந்த குழந்தைக்கு மருத்துவர் போடச் சொன்னால் தடை சொல்ல வேண்டாம்.

இனி நம் வீட்டுக் கதை. ஸ்கிட்டில் ஒரு வகை தாய்வழியே வந்து ஆண்பிள்ளைகளை மட்டும் தாக்கும். 1968-இல் மின்னியாபொலிசில் ராபர்ட் குட் என்பவர் எலும்பு மஜ்ஜை மாற்றி முதன்முதல் குணப்படுத்திய குழந்தையின் தாய்வழியில், தலைமுறை தலைமுறையாக ஆண்குழந்தைகள் இறந்திருந்தார்கள். 1971-இல் பிறந்து பன்னிரண்டு ஆண்டு கண்ணாடிபோன்ற கூடாரத்துக்குள் வாழ்ந்த டேவிட் வெட்டரை, பிறந்த நொடியே பாதுகாத்தது எப்படி முடிந்தது? அவனுக்கு முன் பிறந்த அண்ணன் ஏழு மாதத்தில் இந்நோயால் இறந்திருந்தான், அதனால் தெரிந்தது. வேறு வகைகள் தாய் தந்தை இருவரிடமிருந்தும் வருபவை. சொந்தத்துக்குள் கட்டினால் அவற்றுக்கு வாய்ப்பு அதிகம். தேசியக் குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் சொந்தத்தில் நடக்கும் கல்யாணம். கேரளத்தில் அது மிகக் குறைவு. எங்கள் நயினார் சமூகமோ சின்னது. அக்காள் மகள், மாமன் மகள் என்று சுற்றிச் சுற்றி அதே வீடுகள்தான். இங்கே வந்து கடை வைத்து நாற்பது வருஷம் ஆனாலும் பெண் எடுப்பதற்கு ஆரணிக்கும் வந்தவாசிக்கும்தான் போகிறோம். இங்குள்ள மருத்துவர் நம்மிடம் இதைக் கேட்பதில்லை, கேட்க அவருக்குத் தோன்றுவதும் இல்லை.

நாமும் சொல்வதில்லை. ஏனென்றால் நம்மிடம் அதற்கு வேறு பெயர்கள் இருக்கின்றன. சவலை, கணை, தோஷம், புள் என்பார்கள். என் மனைவியின் பெரியம்மாவுக்கு இரண்டு ஆண்பிள்ளைகள் அரை வயதுக்குள் போயின. இரண்டுக்கும் தோஷம் என்றே பெயர் வைத்தார்கள். அவை என்ன நோய் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அந்த நாளில் வெறும் பேதிக்கே எத்தனையோ பிள்ளைகள் போயின. இருந்தாலும் சொல்லவேண்டிய செய்திதான் அது. என் மருமகளின் முதல் பிரசவத்தின்போது, 'இந்த மாதிரி நேரத்தில அதெல்லாம் எதுக்குப் பேசணும்' என்று பெண்கள் வாயை அடைத்தார்கள். நான் கேட்கவில்லை, மருத்துவரிடம் சொன்னேன். அவர் முகம் சுளிக்கவில்லை. ரத்தத்தில் நிணவணுக்களை எண்ணச் சொல்லி, எண்ணிக்கை சரியாக இருந்ததைப் பார்த்து, மூன்றாம் நாள் பி.சி.ஜி. போட்டார். அவ்வளவுதான் நடந்தது.

அந்த எண்ணிக்கை பெரிய சோதனை அன்று, சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே வரும். பச்சைக்குழந்தைக்கு ஒரு மைக்ரோ லிட்டரில் 3,000-க்குக் கீழே இருந்தால் மேலே பார்க்க வேண்டும் என்பது மருத்துவர்கள் கொள்ளும் குறிப்பு. சரியாக இருந்தாலே முழுக்கத் தீர்ந்தது என்றும் இல்லை. அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். நம் வேலை சொல்வது. சொல்லவேண்டியவை: தாயின் கூடப்பிறந்த ஆண்கள், தாயின் சகோதரிகளின் பிள்ளைகள், இந்தப் பிள்ளைக்கு முன் பிறந்தவை, இவர்களில் யாராவது ஒரு வயதுக்குள் காய்ச்சல், பேதி, சளி என்று இறந்தார்களா, பெற்றோர் சொந்தமா, தாய் என்ன மருந்து எடுத்தாள். ஊசியே வேண்டாம் என்று மறுப்பதற்காக இதைச் சொல்லவில்லை. பார்த்துவிட்டுப் போடுங்கள் என்று கேட்கத்தான். வீட்டில் காப்பில்லாத பிள்ளை ஒன்று இருக்குமானால் அதன் அண்ணன் அக்காளுக்கும் போலியோ சொட்டுக்குப் பதில் ஊசிதான். சொட்டு மருந்தின் கிருமி மலத்தின் வழியே வெளிவந்து வீட்டுக்குள் சுற்றும்.

போட்ட இடத்தில் சில வாரத்தில் சிறு கட்டி எழுந்து உடைந்து வடுவாவது இயல்பு. இடது அக்குளில் நெறி கட்டுவதும் நல்ல பிள்ளைகளுக்கே சில வேளை உண்டு. அதோடு கூட வாயில் வெண்படலம் நீங்காமை, எடை ஏறாமை சேர்ந்தால் நாள் கடத்தக் கூடாது. இப்படிப் பரவிய பி.சி.ஜி.க்குக் காசநோய் மருந்துகளையே கொடுக்கிறார்கள். மாட்டுக் கிருமி ஆனதால் பைராசினமைடு என்ற மருந்துக்கு மட்டும் அது அடங்காது. நிலையான தீர்வு மஜ்ஜை மாற்றுதான். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1986-இலேயே மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தொடங்கிவிட்டது. சண்டிகர் மருத்துவர்கள் முன்நின்று 2021-இல் வெளியிட்ட தொகுப்பில் நாடெங்கும் இருநூற்றைம்பதுக்கு மேற்பட்ட ஸ்கிட் குழந்தைகள் பதிவாகியிருக்கிறார்கள். பெரும்பாலோர் தாமதமாகக் கண்டறியப்பட்டவர்கள்.

1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு தமிழ்நாட்டுக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்துக்கும் என்று கோடு போட்டார்கள். களியக்காவிளையில் அக்காள், பாறசாலையில் தங்கை என்று ஆன குடும்பங்கள் நம் சங்கத்தில் எத்தனையோ. பிரசவம் ஒரு பக்கம், தடுப்பூசி அட்டை ஒரு பக்கம், பழைய கதை தெரிந்த பாட்டி இன்னொரு பக்கம். அட்டையோ மலையாளத்தில் இருக்கும், பாட்டிக்கு மலையாளம் படிக்க வராது.

எங்கள் வீட்டில் கல்யாணப் பேச்சுக்காக வம்சாவளி எழுதும் பழைய நோட்டு ஒன்று உண்டு. அதில் இருந்தவர்கள் பெயர் மட்டும்தான் இருந்தது. இரண்டு வருஷமாக ஆரணி, வந்தவாசிப் பக்கத்துக் கிழவிகளைக் கேட்டுக் கேட்டு, இறந்த குழந்தைகளையும் அதில் எழுதிவருகிறேன். மூன்று தலைமுறை ஆகிவிட்டது. பலவற்றுக்குப் பெயரே கிடையாது. அந்த இடங்களில் 'ஆண், ஐந்து மாதம், தாயின் ஊர் இன்னது' என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.